சுவர்களை எண்ணிய சட்டம்

ஜஹாங்கீர் சக்கரவர்த்தி மதுவுக்குப் பகைவர் அல்லர். அபினியும் அவருக்குப் பழக்கந்தான். தாம் குடித்த கிண்ணங்களின் கணக்கைத் தம் சுயசரிதத்தில் அவரே ஒளிவுமறைவில்லாமல் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் புகையிலை மட்டும் அவருக்கு ஆகவில்லை. அது உடம்புக்கும் மனத்துக்கும் கேடு செய்கிறது என்று சொல்லி, தம் ராஜ்யத்தில் ஒருவரும் புகை குடிக்கலாகாது என்று 1617-ஆம் ஆண்டில் உத்தரவு போட்டார். அந்தக் காலத்திலேயே பாரசீகத்து ஷா அப்பாஸும் தம் நாட்டில் இதே தடையை விதித்திருந்தார். இரண்டு பெரிய சாம்ராஜ்யங்கள், இரண்டு வல்லமை பொருந்திய அரசர்கள், ஒரே தடை. புகையிலை அதோடு தொலைந்தது என்றுதானே நினைப்போம்?

நடந்தது வேறு. ஜஹாங்கீர் பாரசீகத்துக்குத் தூதராக அனுப்பிய கான் ஆலம் என்ற பிரபு, ஒரு கணமும் புகையில்லாமல் இருக்க முடியாதவர். தடை விதித்த ஓர் அரசரின் பிரதிநிதி, தடை விதித்த மற்றோர் அரசரின் தேசத்தில் ஓயாமல் புகை விட்டுக்கொண்டிருந்தார்! செய்தி ஷாவின் காதுக்கு எட்டியது. ஷா கோபித்துக்கொள்ளவில்லை. சிநேகிதர் அனுப்பிய மனிதர் அல்லவா? இரண்டே அடியில் ஒரு கவிதை எழுதி, கான் ஆலமுக்கு விலக்கு அளித்துவிட்டார். இந்தக் கதையை நமக்குச் சொல்லி வைத்தவரும் ஜஹாங்கீர்தான்.

ஷா அப்பாஸிடமாவது கவிதை இருந்தது. துருக்கியின் சுல்தான் நான்காம் முராத்திடம் வாள்தான் இருந்தது. 1633-இல் அவர் புகையிலையைத் தடை செய்தார். மீறினால் தலை போகும் என்றார். ஜனங்கள் கூடிப் புகைக்கும் காபிக் கடைகளையே இடித்துத் தள்ளச் சொன்னார். உண்மையிலேயே தலைகள் போயின. அப்படியும் பழக்கம் போகவில்லை. முராத் இறந்தார், தடை தளர்ந்தது, பிற்பாடு அதே புகையிலையின் மேல் வரி வந்து கஜானாவை நிரப்பியது.

இந்தப் பழைய கதைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழுவது உண்டு. சக்கரவர்த்தியின் ஆணையாலும் சுல்தானின் வாளாலும் ஆகாத காரியம், 2004-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 29-ஆம் தேதி, ஒரு திங்கட்கிழமை, அயர்லாந்து தேசத்தில் ஒரே நாளில் எப்படி ஆயிற்று? அங்கே யார் தலையும் உருளவில்லை. அதிகபட்ச அபராதம் 3,000 யூரோ. அதைக் கூட மிகச் சிலரே கட்ட நேர்ந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை இரவு வரை எதிரே இருப்பவர் முகம் தெரியாமல் புகை மண்டிக் கிடந்த மதுச்சாலைகளில், மறுநாள் பெரும்பாலானவற்றில் ஒரு சிகரெட்டுக் கூட எரியவில்லை. அப்படியானால் அந்தச் சட்டம் யாரைப் பார்த்துப் பேசியது? என்ன பாஷையில் பேசியது?

இதற்குப் பதில் தெரிய, நடுவே உள்ள சில படிகளைக் கடந்து வர வேண்டும்.

முதல் படி ரெயில் வண்டி. இங்கிலாந்தில் ரெயில் ஓடத் தொடங்கிய காலத்தில் கம்பெனிகள் பெரும்பாலும் புகை பிடிப்பதை அனுமதிக்கவில்லை. பிடித்தால் 40 ஷில்லிங் அபராதம் என்று பலகை போட்டன. பிரயாணிகள் என்ன செய்தார்கள்? கார்டின் கையில் ஒரு நாணயத்தை அழுத்தினார்கள். கார்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கடைசியில் பார்லிமெண்டே தலையிட்டது. யாருக்குச் சாதகமாகத் தெரியுமா? 1868-ஆம் வருஷத்து ரெயில்வேச் சட்டம், ஒரு வகுப்புக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பெட்டிகள் உள்ள வண்டிகளில் புகை பிடிப்பவர்களுக்கென்று தனி இடம் ஒதுக்க வேண்டும் என்று கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தியது! புகைக்கு இடம் கொடு என்று வியாபாரியை வற்புறுத்திய சட்டம் அது. ஏறத்தாழ நூற்று நாற்பது வருஷம் கழித்து அதே பார்லிமெண்டு, இடம் கொடாதே என்று சொல்லப் போகிறது.

நம் தேசத்து ரெயில்வேச் சட்டம் வேறொரு வழியைப் பிடித்தது. 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கூட இருக்கும் பிரயாணிகளின் சம்மதம் இல்லாமல் புகை பிடித்தால் 20 ரூபாய் வரை அபராதம். சுதந்திரத்துக்குப் பின் வந்த 1989-ஆம் ஆண்டுச் சட்டம், சகப் பிரயாணி ஆட்சேபித்தால் பிடிக்கக் கூடாது என்றது. மீறினால் 100 ரூபாய் வரை அபராதம். கேட்பதற்கு எவ்வளவு நாகரிகமாக இருக்கிறது! ஆனால் நடைமுறையை எண்ணிப் பாருங்கள். கைக்குழந்தையோடு தனியாக வரும் ஒரு பெண். எதிரே மீசையை முறுக்கிக்கொண்டு நான்கு பேர். இருமிக்கொண்டிருக்கும் குழந்தையைச் சமாதானப்படுத்தியபடியே அவள் அந்த நால்வரையும் ஆட்சேபிக்க வேண்டும். கஷ்டப்படுகிறவரே காவலராகவும் இருக்க வேண்டும் என்று சொல்லும் சட்டம், கஷ்டப்படுத்துகிறவருக்குத்தான் உதவும்.

இருபதாம் நூற்றாண்டு வந்தது. சிகரெட் இல்லாத இடமே இல்லை என்றாயிற்று. ஆபீஸ் மேஜை, டாக்டரின் அறை, ஆகாய விமானம், சினிமாக் கொட்டகை எல்லாவற்றிலும் சாம்பல் கிண்ணம் குடியேறியது. கதை எழுதுகிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. கதாநாயகனின் மனப் போராட்டத்தைப் பத்து வரிகளில் வர்ணிப்பதைவிட, 'அவன் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டான்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவது எங்களுக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது! அவன் ஊதிய புகை யாருடைய மூச்சில் போய்ச் சேர்ந்தது என்பதை நாங்களும் எழுதவில்லை; வாசகர்களும் கேட்கவில்லை.

கேட்டவர் ஒரு ஜப்பானியர். தகேஷி ஹிராயாமா என்ற ஆராய்ச்சியாளர் 91,540 மனைவிமார்களைப் பதினான்கு வருஷம் கவனித்து வந்தார். அவர்களில் ஒருவர் கூடப் புகை பிடிப்பவர் அல்லர். பலருடைய கணவன்மார்கள் பிடித்தார்கள். 1981-இல் அவர் வெளியிட்ட முடிவு உலகத்தைத் திடுக்கிடச் செய்தது. நிறையப் புகைக்கும் கணவர்களை உடைய மனைவிமாருக்கு, புகைக்காதவர்களின் மனைவிமாரைக் காட்டிலும் ஏறக்குறைய இரண்டு மடங்கு நுரையீரல் புற்றுநோய் வந்திருந்தது. சிகரெட் கம்பெனிகள் இந்தக் கணக்கில் குற்றம் கண்டுபிடிக்கப் பெரும் பாடுபட்டன. கணக்கு நின்றது. 1986-இல் அமெரிக்க சர்க்காரின் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கையும் அதையே உறுதி செய்தது.

இதற்குப் பின் 'புகை பிடிப்பது அவரவர் சொந்த விஷயம்' என்ற வாதம் நொண்டத் தொடங்கியது. ஆனால் வியாபாரிகள் லேசில் விடுவார்களா? ஒரு சமரசத்தைக் கண்டுபிடித்தார்கள். பாதி இடம் உங்களுக்கு, பாதி இடம் அவர்களுக்கு! விமானத்தில் முன் வரிசைகள் புகையாதவர்களுக்கு. பின் வரிசைகள் புகைப்பவர்களுக்கு. ஹோட்டலில் இந்தப் பக்கத்து மேஜைகள் ஒன்றுக்கு, அந்தப் பக்கத்து மேஜைகள் மற்றொன்றுக்கு. நடுவே சுவர் இல்லை, திரை இல்லை, ஒரு சிறு பலகை மட்டுமே இருந்தது. பலகையைப் படித்துவிட்டுப் புகை திரும்பிப் போய்விடும் என்று எண்ணினார்கள் போலும்! விமானத்தில் பிரயாணியாவது சில மணி நேரத்தில் இறங்கிவிடுவார். அன்றாடம் அந்தக் காற்றிலேயே பறந்த பணிப்பெண்களின் கதி என்ன? அமெரிக்காவில் 1988-இல் இரண்டு மணி நேரத்துக்கு உட்பட்ட விமானங்களிலும், 1990-இல் ஆறு மணி நேரத்துக்கு உட்பட்டவற்றிலும் தடை வந்தது. தொடர்ந்து பணிப்பெண்கள் சிகரெட் கம்பெனிகள் மேல் வழக்குத் தொடுத்தார்கள். 1997-இல் அந்தக் கம்பெனிகள் 300 மில்லியன் டாலர் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டன.

பலகை போட்டால் போதும் என்று நினைத்தவர்களுக்கு லண்டன் நகரம் ஒரு பயங்கரமான பாடத்தைக் கற்றுக்கொடுத்தது. அங்கே பூமிக்கு அடியில் ஓடும் ரெயில்களில் 1984-லும், சுரங்க நிலையங்களில் 1985-லும் புகை பிடிப்பது தடுக்கப்பட்டது. பலகைகள் எங்கும் தொங்கின. ஆனால் பிரயாணிகள் வெளியே போக மின்சாரப் படிக்கட்டில் ஏறும்போதே சிகரெட்டைப் பற்றவைப்பது வழக்கமாயிற்று. இன்னும் அரை நிமிஷத்தில் தெருதானே? சிப்பந்திகளும் கண்டுகொள்ளவில்லை. 1987 நவம்பர் 18-ஆம் தேதி மாலை, கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் யாரோ எறிந்த ஒரு தீக்குச்சி, மரத்தால் ஆன மின்சாரப் படிக்கட்டின் இடுக்கில் விழுந்தது. அடியில் பல வருஷத்துக் கிரீஸும் குப்பையும் சேர்ந்து கிடந்தன. முப்பத்தொரு பேர் மாண்டார்கள். விசாரணை நடந்தபோது தெரிந்தது இதுதான்: விதி இருந்தது, அது தன் பொறுப்பு என்று நினைத்த மனிதர் ஒருவரும் அங்கே இல்லை.

இப்போது கனடா தேசத்து ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹெதர் க்ரோ என்பது அவர் பெயர். ஒட்டாவா நகரத்து ஹோட்டல்களில் பரிமாறும் வேலை. சுமார் நாற்பது வருஷம் மற்றவர்களுக்குத் தட்டு எடுத்துப் போய்ப் பிழைத்தவர். வாழ்நாளில் ஒரு சிகரெட்டுப் பிடித்தவர் அல்லர். 2002-இல் அவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். வேலை செய்த இடத்துப் புகையே காரணம் என்று வாதாடி, தொழிலாளர் நஷ்டஈட்டை அவர் பெற்றார். அதோடு வீட்டில் படுத்துவிடவில்லை. இருந்த பலத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்த் தம் கதையைச் சொன்னார். கனடா சர்க்காரின் தொலைக்காட்சி விளம்பரத்தில் தோன்றிப் பேசினார். பரிமாறுகிறவளுக்கும் நுரையீரல் உண்டு என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். 2006 மே 22-ஆம் தேதி அவர் காலமானார். அவருடைய ஒண்டேரியோ மாகாணத்தில் மூடிய பொது இடங்களிலும் வேலை செய்யும் இடங்களிலும் புகையைத் தடுக்கும் சட்டம் அந்த மே 31-ஆம் தேதி அமலுக்கு வந்தது. ஒன்பது நாள் வித்தியாசம்.

ஹெதர் க்ரோவின் கதையை மனத்தில் வைத்துக்கொண்டு அயர்லாந்துக்குப் போவோம். அங்கே சுகாதார மந்திரியாக இருந்த மீஹால் மார்ட்டின் (பிற்காலத்தில் பிரதம மந்திரி ஆனவர் இவரே) ஒரு காரியம் செய்தார். புகை பிடிப்பவர்களின் ஒழுக்கத்தைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. ஹோட்டலும் மதுச்சாலையும் வாடிக்கைக்காரருக்கு உல்லாச இடமாக இருக்கலாம். உள்ளே நிற்கும் சிப்பந்திக்கு அது தொழிற்சாலை. தொழிற்சாலையில் விஷக்காற்று இருக்கலாமா என்பதே கேள்வி என்றார். இந்தக் கேள்விக்கு 'இருக்கலாம்' என்று பதில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

ஆனாலும் எதிர்ப்பு பலமாகத்தான் இருந்தது. ஐரிஷ்காரருக்கு மதுச்சாலை என்பது நமக்குக் கோயில் வாசல் மண்டபம் மாதிரி. கல்யாணம், இழவு, அரசியல், பாட்டு எல்லாம் அங்கேதான். அந்த இடத்தில் சிகரெட்டைப் பிடுங்கினால் வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர் சங்கங்கள் அலறின. 2004 ஜனவரியில் வர வேண்டிய தடை மார்ச்சுக்குத் தள்ளிப் போயிற்று. வராமலே போய்விடும் என்று பலர் பந்தயம் கட்டியிருப்பார்கள்.

வந்தது. சட்டம் புகைப்பவரையும் குற்றவாளி ஆக்கியது. இடத்துக்கு உரியவரையும் குற்றவாளி ஆக்கியது. தன் கூரைக்குக் கீழே ஒருவன் பற்றவைத்தால், கடைக்காரர் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். 'தடுப்பதற்கு நியாயமான முயற்சி எல்லாம் செய்தேன்' என்று காட்டினால் மட்டுமே அவர் தப்பலாம். இந்த ஒரு வரியில்தான் சூட்சுமம் முழுவதும் அடங்கியிருந்தது. முயற்சி செய்ததாகக் காட்ட வேண்டுமே! ஆகவே கடைக்காரர்கள் பலகை மாட்டினார்கள். மேஜைகளின் மேலிருந்த சாம்பல் கிண்ணங்களை வாரி எடுத்து மூட்டை கட்டினார்கள். யாராவது பற்றவைத்தால் என்ன சொல்வது, கேளாவிட்டால் எப்படிப் பானம் கொடுப்பதை நிறுத்துவது, கடைசியில் எப்படி வெளியே அனுப்புவது என்றெல்லாம் சிப்பந்திகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். சுல்தானுக்கு ஆயிரம் ஒற்றர்கள் தேவைப்பட்டார்கள். அயர்லாந்தில் ஒவ்வொரு கடையிலும் கடைக்காரரே காவலர் ஆனார்.

பயம் மட்டுந்தான் காரணமா? நான் அப்படி நினைக்கவில்லை. அதைவிடப் பெரிய காரணம் வேறொன்று. தடை எல்லாக் கடைக்கும் ஒரே நாளில் வந்தது. ஒரு கடைக்காரர் தாமாக மனமுவந்து புகையைத் தடுத்தால், வாடிக்கைக்காரர் தெருவைக் கடந்து எதிர்க் கடைக்குப் போய்விடுவார். எதிர்க் கடையிலும் அதே பலகை தொங்கினால், எங்கே போவார்? தனித்தனியாக ஒருவராலும் செய்ய முடியாத நல்ல காரியத்தை, எல்லாரும் சேர்ந்தாற்போல் நஷ்டமில்லாமல் செய்ய முடிந்தது. அந்த ஜூலையில் கால்வே நகரத்து மதுச்சாலை ஒன்று, வியாபாரம் போகிறது என்று சொல்லிச் சட்டத்தைப் பகிரங்கமாக மீறிப் பார்த்தது. இரண்டு மூன்று நாளைக்குள் நீதிமன்ற நடவடிக்கைக்கு அஞ்சிப் பின்வாங்கியது. மற்றக் கடைகள் அதன் பின்னே அணிவகுக்கவில்லை. சோதனைக்குப் போன அதிகாரிகள், நூற்றுக்குத் தொண்ணூறு இடங்களுக்கு மேல் சட்டம் அனுசரிக்கப்படுவதைக் கண்டார்கள். மது விற்பனை குறைந்ததாகக் கடைக்காரர்கள் குறைப்பட்டதும் உண்மை. ஆனால் அந்தச் சரிவு தடைக்கு முந்திய வருஷங்களிலேயே ஆரம்பித்துவிட்டது. டப்ளின் நகரத்தில் 42 மதுச்சாலைகளின் காற்றைத் தடைக்கு முன்னும் பின்னும் அளந்து பார்த்தார்கள். காற்றில் இருந்த நுண்தூசியும் பென்ஸீன் என்ற விஷமும் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு குறைந்திருந்தன. சிப்பந்திகளின் மூச்சும் தேறியிருந்தது.

இனிமேல்தான் வேடிக்கை. புகைப்பவர் வெளியே போக வேண்டும், சரி; 'வெளியே' என்பது எது? ஐரிஷ் சட்டம் இதற்குச் சுவர்களை எண்ணியது. கூரையே இல்லாத இடம் வெளி. கூரை இருந்தால், சுற்றளவில் பாதிக்கு மேல் சுவர் இருக்கக் கூடாது. உடனே கடைக்காரர்கள் கொத்தனார்களைக் கூப்பிட்டார்கள். கொல்லைப்புறங்களுக்கு யோகம் அடித்தது. காலிப் பீப்பாயும் துடைப்பமும் கிடந்த முற்றங்களில் நாற்காலியும் கான்வாஸ் பந்தலும் காஸ் அடுப்பும் வந்து சேர்ந்தன. இங்கிலாந்தில் 2007 ஜூலை முதல் தேதி சட்டம் வந்தபோது அங்கேயும் இதே கணக்கு. திறந்த பாகம் பாதிக்குக் குறைந்தால் அது மூடிய இடம். திறந்து மூடக்கூடிய கதவும் ஜன்னலும் திறந்த பாகம் ஆகாது. அதிகாரிகள் அளவு நாடாவோடு பந்தல்களைச் சுற்றி வந்தார்கள்.

குளிரில் நடுங்கிக்கொண்டு வெளியே நின்ற முன்பின் தெரியாதவர்கள், நெருப்புக் கேட்கும் சாக்கில் பேசத் தொடங்கினார்கள். இந்தப் புது மாதிரிச் சிநேகத்துக்கு 'ஸ்மர்ட்டிங்' என்று ஒரு சொல்லே வழங்கலாயிற்று. புகைப்பதும் காதல் பேச்சும் கலந்த சொல். காதல் கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு களம் போய் இன்னொரு களம் கிடைத்தது!

அமெரிக்காவின் மின்னஸோட்டா மாகாணத்துக் கடைக்காரர்கள் கொத்தனாரைக் கூப்பிடவில்லை. சட்டப் புத்தகத்தைப் புரட்டினார்கள். 2007-இல் வந்த அந்த மாகாணச் சட்டம், மேடை நாடகத்தில் நடிக்கும் நடிகர் மட்டும் பாத்திரத்துக்காகப் புகைக்கலாம் என்று விலக்கு அளித்திருந்தது. போதாதா? அடுத்த ஆண்டு சில மதுச்சாலைகள் 'இன்று நாடக இரவு' என்று விளம்பரம் செய்தன. குடிக்க வந்தவர்கள் எல்லாரும் நடிகர்கள். அவர்கள் குடிப்பதும் புகைப்பதும் பேசுவதுமே நாடகம்! சுகாதார இலாகா இந்த நாடகத்தை ரசிக்கவில்லை. அபராதம் விழும் என்று எச்சரித்துத் திரையை இறக்கியது. இந்தத் தந்திரங்களிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜஹாங்கீர் காலத்தில் சட்டத்தை ஏமாற்றியவர் புகைப்பவர். இங்கே ஏமாற்ற முயன்றவர் கடைக்காரர். சட்டம் சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

நம் தேசத்தில் இந்தக் கதை ஒரு பேராசிரியையிடம் தொடங்குகிறது. மோனம்மா கொக்காட் என்ற அம்மையார் உள்ளிட்டோர் கேரள உயர்நீதிமன்றத்தில் முறையிட்டதன் பேரில், 1999 ஜூலை 12-ஆம் தேதி தீர்ப்புக் கிடைத்தது. பொது இடத்தில் புகைப்பது ஜனங்களுக்குச் செய்யும் தொல்லை, அது சட்டப்படி குற்றம் என்றது தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை அளித்த இருவரில் ஒருவர் நம் தேவகோட்டைக்காரரான ஏ.ஆர். லட்சுமணன், மற்றவர் நாராயண குருப். இரண்டு வருஷம் கழித்து, முரளி தேவரா தொடுத்த வழக்கில், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நூல்நிலையம், கோர்ட்டு, ரெயில் முதலிய இடங்களில் தேசம் முழுவதும் தடை விதித்தது உச்சநீதிமன்றம். 2003-இல் பார்லிமெண்டு சட்டம் செய்தது. அதன் விரிவான விதிகள் 2008 அக்டோபர் 2-ஆம் தேதி, காந்தி ஜயந்தியன்று, அமலுக்கு வந்தன.

அந்த விதிகளைப் படித்தால், எழுதியவர்கள் வெளிநாட்டு அனுபவத்தை நன்றாகக் கற்றவர்கள் என்று தெரிகிறது. வாசலில் 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் பலகை வேண்டும். சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர் எதுவும் வைக்கக் கூடாது. யாரிடம் புகார் செய்ய வேண்டும் என்று ஒரு மனிதரின் பெயரைப் பலகையில் எழுத வேண்டும். கிங்ஸ் கிராஸில் இல்லாமற்போன மனிதர் அவர்தான்! புகைப்பவருக்கு 200 ரூபாய் வரை அபராதம். புகார் வந்தும் சும்மா இருந்த முதலாளிக்கோ, எத்தனை பேர் மீறினார்களோ அத்தனை பேர் கணக்கில் அபராதம்.

முப்பது அறைகள் உள்ள ஹோட்டலும், முப்பது பேர் அமரக்கூடிய உணவுச்சாலையும், விமான நிலையமும் விரும்பினால் தனிப் புகை அறை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு விலக்கும் உண்டு. இங்கேயும் சுவர்க் கணக்கு வருகிறது, ஆனால் தலைகீழாக. அயர்லாந்தில் சுவர் குறைய வேண்டும். இங்கே நான்கு புறமும் முழு உயரத்துக்குச் சுவர் எழும்ப வேண்டும். கதவு தானாக மூடிக்கொள்ள வேண்டும். உள்ளே உள்ள காற்று வேறெங்கும் கலக்காமல் நேரே வெளியேற வேண்டும். கொல்லையில் நாலு நாற்காலியைப் போட்டுச் சமாளிக்கும் விஷயம் அன்று இது. அதனால் பெரிய ஹோட்டல்களில் பல, கணக்குப் பார்த்து, அறை கட்டுவதைவிடப் பலகை மாட்டுவதே லாபம் என்று தீர்மானித்தன. 2017-இல் விதியில் மேலும் ஒரு வரி சேர்ந்தது. புகை அறைக்குள் எந்தவிதப் பரிமாறலும் கூடாது. ஹுக்கா விற்கும் கடைகளை நினைத்து எழுதிய வரிதான். ஆனாலும் பலன் பெரியது. காபிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எந்தச் சப்ளையரும் அந்தப் புகைக்குள் போக வேண்டியதில்லை. ஹெதர் க்ரோவின் பேச்சு இவ்வளவு தூரம் வந்து சேர்ந்தது என்று நான் எண்ணிக்கொள்கிறேன்.

சரி, டீக்கடை? சட்டம் அதை மறக்கவில்லை. உண்ணவோ குடிக்கவோ கொடுக்கும் எந்த இடமும், அதைச் சுற்றியுள்ள திறந்த வெளியும் சேர்த்து, உணவுச்சாலைதான் என்று விதி சொல்லுகிறது. ஆனால் நம் ஊர்த் தெருவில் நடப்பதை நான் வர்ணிக்க வேண்டியதில்லை. கடைக்குள் பலகை, பலகைக்குப் பக்கத்திலேயே நூலில் கட்டித் தொங்கும் லைட்டர். ஒரு காலத்தில் தூணில் புகைந்துகொண்டே தொங்கிய கயிற்றின் வாரிசு அது. ஒற்றைச் சிகரெட்டை எடுத்து நீட்டுகிறவரும் கடைக்காரர். அதைப் பற்றவைக்கக் கூடாது என்று தடுக்க வேண்டியவரும் அவரே.

அந்தக் கடைக்காரரைக் கோழை என்றோ பேராசைக்காரர் என்றோ சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டீயும் ஒரு சிகரெட்டும் என்று வருகிறவரை அவர் தடுத்தால், பத்தடி தள்ளியுள்ள அடுத்த கடையில் அவருக்காகப் பெஞ்சு காத்திருக்கிறது. டப்ளின் கடைக்காரருக்கும் இதே சங்கடம் இருந்தது. எதிர்க் கடையிலும் இன்றைக்கே தடுப்பார்கள் என்ற நம்பிக்கைதான் அவரைக் காப்பாற்றியது. அந்த நம்பிக்கையைக் கொடுக்க வேண்டியது சர்க்காரின் வேலை. பலகையின் வேலை அன்று. அதிகாரி ஒரு கடைக்குப் போகாமல் ஒரு தெருவுக்குப் போக வேண்டும். ஒரு நாள் போய்விட்டு மறக்காமல், அடுத்த மாதமும் போக வேண்டும்.

டீக்கடையில் நம் கண்ணில் எளிதில் படாத ஒருவர் உண்டு. விடியற்காலை நாலு மணிக்குப் பாய்லரை மூட்டி, இரவு கடை கட்டும் வரை கண்ணாடித் தம்ளர்களோடு பெஞ்சுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருப்பவர். அவர் சிகரெட்டே பிடிக்காதவராக இருக்கலாம். வாடிக்கைக்காரரைப் பார்த்து, 'சார், வெளியே போய்ப் பிடியுங்கள்' என்று சொல்ல அவருக்கு உரிமை இல்லை; சொன்னால் வேலை நிலைக்காது. அதைச் சொல்லும் உரிமையும் கடமையும் கல்லாவில் இருப்பவருடையவை. எந்தச் சக்கரவர்த்தியும் காட்டாத தைரியத்தை அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. பலகையில் காலியாக விட்டிருக்கும் அந்த வரியில் தம் பெயரை எழுதிவிட்டு, நூலில் தொங்கும் லைட்டரை அவிழ்த்து உள்ளே வைத்தால் போதும்.